ஆறப் பொறுத்த கண்ணாடி

கட்டைவிரல் நகத்தின் அளவில் ஒரு பதக்கம். அடியில் கறுப்புக் கண்ணாடி. நடுவில் மயில்கழுத்து நிறத்தில் மின்னும் ஒரு துண்டு. அதற்கு மேல் தெளிந்த கண்ணாடி. மூன்றையும் வெட்டி அடுக்கப் பத்து நிமிடம் போதும். சூளையின் உச்ச வெப்பத்தில் அவை உருகி ஒன்றாவதற்கும் பத்து, பதினைந்து நிமிடம்தான். ஆனாலும் மாலையில் மின்சூளையை மூடியவர் மறுநாள் காலைவரை அதைத் திறப்பதில்லை. இரவு முழுவதும் அந்தச் சின்னத் துண்டு மெல்லச் சூடேறி, அதைவிட மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கண்ணாடியை உருக்கி இணைக்கும் கலைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்துவைப்பது நெருப்பு. சேர்ந்தவை பிரியாமல் இருக்குமா என்று முடிவு செய்வது, அவை ஆறும் விதம். இந்த ஓர் உண்மைக்குள் வெப்பவியல், வேதியியல், ஒளியியல் மூன்றும் இருக்கின்றன. கிளவுஸ் மோயே என்ற ஒரு கலைஞரின் வாழ்க்கைப் பாதையும் அதற்குள் இருக்கிறது.

வெட்டக் கற்ற கை

மோயே 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். 1952-ல், பள்ளி வயது முடிந்தும் முடியாத நிலையில், குடும்பப் பட்டறையில் கண்ணாடி வெட்டவும் சாணை பிடிக்கவும் பழகத் தொடங்கினார். பிறகு ரைன்பாக், ஹடமார் ஊர்களின் கண்ணாடித் தொழிற்பள்ளிகளில் படித்துத் தேர்ந்தார். 1960-களில் வண்ணக் கண்ணாடிச் சன்னல் வேலைகளும் செய்தார்.

அவர் கற்றதெல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் செய்யும் வேலை. கண்ணாடிக் கலை என்றதும் நம் மனத்துக்கு வருவது, நீண்ட குழாயின் நுனியில் செக்கச் சிவந்த உருண்டையை வைத்து ஊதும் மனிதர்தான். மோயே அந்த வழியில் வரவில்லை. ஊதுபவர் கண்ணாடியின் இளகிய உடம்பை அறிந்தவர். சாணைக்காரரோ கண்ணாடி எங்கே உறுதி, எங்கே பலவீனம் என்பதை விரல்நுனியில் அறிந்தவர். ஒரு நேர்க்கோட்டில் கீறி, விரல்களுக்கு நடுவே லேசாக அழுத்தினால் அந்தக் கோட்டிலேயே கண்ணாடி பிளக்கும். கீறல் பிசகினால் பிளவும் பிசகும்.

1970-களின் நடுவில் அவர் புதிய வழி ஒன்றைப் பிடித்தார். ஜெர்மனியின் ஹெசன்கிளாஸ் ஆலையில் செய்த வண்ணக் கண்ணாடிக் கம்பிகளை வாங்கி, அவற்றைச் சிறு துண்டுகளாக அறுத்து, பாய் முடைவதுபோல் நெருக்கமாக அடுக்கினார். சூளையில் அவை உருகி ஒரே தட்டாயின. அந்தத் தட்டை ஓர் அச்சின் மேல் வைத்து மறுபடி சூடாக்கியபோது, அது தன் எடையாலேயே தாழ்ந்து கிண்ணமானது. கடைசியில் தன் பழைய தொழிலைக் கொண்டுவந்தார். பளபளப்பான மேல்தோலைச் சாணையில் தேய்த்து, பட்டுத்துணிபோல் மங்கலான, ஆழமான பரப்பை வெளியே எடுத்தார்.

முறை புதிதல்ல. கண்ணாடி ஊதும் கலை கி.மு. முதல் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் பிறந்தது. அதற்கு முன்பே எகிப்திலும் மெசபடோமியாவிலும் கண்ணாடித் துண்டுகளை அச்சில் உருக்கிக் கிண்ணங்கள் செய்திருக்கிறார்கள். ஊதுவது வேகமானது, மலிவானது. அது வந்த பின் சூளைமுறை ஒதுங்கிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் ஆன்ரி குரோ, இருபதாம் நூற்றாண்டில் சிகாகோவில் ஃபிரான்சஸ் - மைக்கேல் ஹிக்கின்ஸ் தம்பதி என்று சிலர் அதை மீண்டும் கையில் எடுத்தார்கள். மோயேயும் அந்த வரிசையில் வந்தவர். அவருக்கு வேண்டியதோ பெரிய பரப்பும் ஓவியருக்குக் கிடைப்பதுபோல் நிறைய நிறங்களும். ஒல்லியான கம்பிகளால் அந்த ஆசை தீரவில்லை.

மிட்டாயும் கற்கண்டும்

கண்ணாடி என்பது என்ன பொருள்? பதில் நம் ஊர்ப் பெட்டிக்கடையிலேயே இருக்கிறது. கற்கண்டில் சர்க்கரை மூலக்கூறுகள் வரிசை தப்பாமல் அடுக்கி நிற்கின்றன. அது படிகம். அதே சர்க்கரையைப் பாகு காய்ச்சிச் சட்டென்று ஆறவிட்டால், மூலக்கூறுகளுக்கு வரிசையில் நிற்க நேரம் கிடைப்பதில்லை. நின்ற இடத்திலேயே உறைந்துபோகின்றன. வழவழப்பாக, ஒளி ஊடுருவ, கடித்தால் படீரென்று உடையும் மிட்டாய் கிடைக்கிறது. அறிவியல் கணக்கில் அந்த மிட்டாயும் கண்ணாடிதான். மணலும் சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்து உருகி, வரிசையில்லாமல் உறைந்தது நாம் சன்னலில் பார்க்கும் கண்ணாடி.

அதனால்தான் கண்ணாடிக்குப் பனிக்கட்டியைப்போல் இன்ன வெப்பத்தில் உருகும் என்ற ஒற்றை எல்லை கிடையாது. பாகு காய்ச்சுபவர் பதம் பார்ப்பதுபோல்தான் இதையும் பார்க்க வேண்டும். கலைஞர்கள் பயன்படுத்தும் தகடுகள் ஏறக்குறைய 650 டிகிரி செல்சியசில் வளைந்து கொடுக்கும். 750-ல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொன்றின் விளிம்பும் தெரியும். 800 டிகிரியைத் தாண்டும்போது முழுவதும் இழைந்து ஒரே பரப்பாகும். ஒவ்வொரு பதத்திலும் வெவ்வேறு கலைப்பொருள் பிறக்கிறது.

மிட்டாய்க்கு வரும் கேடு கண்ணாடிக்கும் வரும். நாள்பட்ட மிட்டாயின் மேல் மணல்போல் சர்க்கரை பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில்லாமல் உறைந்த மூலக்கூறுகள் வாய்ப்புக் கிடைத்ததும் படிகமாகின்றன. சூளையில் சுமார் 700 டிகிரிக்கு மேல் அதிக நேரம் கிடக்கும் கண்ணாடியின் தோலும் இப்படிப் பூத்து மங்கும். தூசியோ விரல் எண்ணெயோ இருந்தால் பூப்பு அங்கிருந்தே தொடங்கும். அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் கழுவித் துடைப்பது இதனால்தான்.

அரை முடி அளவு பகை

1979-ல் மோயே அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு வடக்கே உள்ள பில்சக் கண்ணாடிப் பள்ளிக்குக் கற்பிக்கப் போனார். அங்கே பாய்ஸ் லண்ட்ஸ்ட்ராம் என்பவரைச் சந்தித்தார். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் 1974-ல் டான் ஷ்வோரர், ரே ஆல்கிரென் இருவரோடும் சேர்ந்து புல்ஸ்ஐ என்ற சிறு கண்ணாடிப் பட்டறையைத் தொடங்கியவர் அவர். பழைய பாட்டில்களை உருக்கித் தொடங்கிய பட்டறை அது. மோயே தேடிய வண்ணத் தகடுகள் அவர்களிடம் இருந்தன. ஆனால் அவை சன்னல்களில் ஈயப்பட்டைக்குள் தனித்தனியே பொருத்துவதற்கானவை. சேர்த்து உருக்கினால் ஆறும்போது விரிசல் விடும்.

ஏன் விடுகிறது? எல்லாப் பொருளும் சூட்டில் விரியும், ஆறும்போது சுருங்கும். எவ்வளவு என்பது பொருளுக்குப் பொருள் மாறும். அதைச் சொல்லும் எண்தான் பள்ளிப் பாடத்தில் வரும் விரிவுக் குணகம். கண்ணாடிக் கலைஞர்கள் அதைச் சுருக்கமாக 90, 96 என்று குறிப்பிடுவார்கள். 90 என்றால், ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் ஒரு கோடியில் 90 பங்கு விரிகிறது என்று பொருள்.

10 செ.மீ. நீளமுள்ள இரண்டு பட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 90, மற்றொன்று 96. இரண்டும் உருகி ஒட்டிவிட்டன. சுமார் 500 டிகிரியில் அவை கெட்டியாகி, அங்கிருந்து அறை வெப்பத்துக்கு ஆறுகின்றன. தோராயமாகக் கணக்கிட்டால் முதல் பட்டை 0.45 மி.மீ. சுருங்க வேண்டும். இரண்டாவது 0.48 மி.மீ. வேறுபாடு 0.03 மி.மீ. மட்டுமே. ஒரு தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பாதி!

ரப்பராக இருந்தால் இதைக் கண்டுகொள்ளாது. கண்ணாடி கொஞ்சமும் இசைந்து கொடுக்காது. அதிகம் சுருங்க விரும்பும் பட்டை மற்றதை இழுக்கிறது, மற்றது தடுக்கிறது. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தோலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும், விரிசல் அங்கிருந்து ஓடும். சில சமயம் சூளையிலேயே உடையும். சில சமயம் அழகாக வெளியே வந்து, விற்றுப் போய், ஒருவர் கழுத்தில் சில மாதம் தொங்கிய பிறகு உடையும். இந்த வேலை செய்பவர்கள் அதிகம் அஞ்சுவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

நிறத்துக்கு நிறம் இந்தச் சுருக்கம் ஏன் மாற வேண்டும்? ஒவ்வொரு நிறமும் ஒரு தனி வேதியியல். கோபால்ட் நீலம் தருகிறது. தாமிரம் பச்சை நீலம் தருகிறது. காட்மியமும் செலீனியமும் சிவப்பும் ஆரஞ்சும் தருகின்றன. ரோஜா நிறத்துக்கு மிகச் சிறிதளவு தங்கம். இவற்றைச் சேர்க்கும்போது அடிப்படைக் கலவையும் மாறுகிறது, கூடவே விரிவும் மாறுகிறது. எந்த வெப்பத்தில் எந்த அளவு கெட்டியாகிறது என்னும் பாகுத்தன்மையும் மாறுகிறது. ஒன்று முன்பே இறுகி, மற்றது இன்னும் இளகியிருந்தால் அதுவும் பகைக்குக் காரணமாகும். ஆகவே விரிவு எண் ஒத்துப்போனால் மட்டும் கண்ணாடிகள் ஒத்துப்போய்விடும் என்று சொல்ல முடியாது. சேர்த்து உருக்கிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

ஒளியே சாட்சி

கண்ணுக்குத் தெரியாத இழுவையை எப்படிப் பார்ப்பது? 1815-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்து அறிவியலர் டேவிட் புரூஸ்டர் இதற்கு வழி கண்டார். ஒளி அலை பல திசைகளில் அதிரக்கூடியது. ஒரே திசை அதிர்வை மட்டும் விடும் வடிகட்டிகள் உண்டு. அப்படி இரண்டு வடிகட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால், முதலாவது விட்ட ஒளியை இரண்டாவது தடுத்துவிடும். பார்ப்பவருக்கு இருட்டுதான். நடுவே அமைதியான கண்ணாடித் துண்டை வைத்தாலும் இருட்டு மாறாது. இழுவையில் இருக்கும் துண்டை வைத்தால் அது ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றிவிடுகிறது. இருட்டின் நடுவே அந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும்.

தெளிந்த கண்ணாடிப் பட்டையின் மேல் வண்ணத் துண்டுகளை வைத்து உருக்கி, ஆறவைத்து, வடிகட்டிகளுக்கு நடுவே பிடிப்பார்கள். துண்டைச் சுற்றி வெளிச்ச வளையம் தெரிந்தால் பகை. தெரியாவிட்டால் உறவு. புல்ஸ்ஐ பட்டறை இப்படிச் சோதித்துச் சோதித்து, கலவைகளைத் திருத்தித் திருத்தி, 1981-ல் சேர்த்து உருக்குவதற்கென்றே சோதிக்கப்பட்ட வண்ணத் தகடுகளை வெளியிட்டது. ஒரு கலைஞரின் தேவை ஒரு தொழில்நுட்பத்தைப் பிறப்பித்தது.

1982-ல் மோயே ஆஸ்திரேலியா போனார். கான்பெரா கலைப் பள்ளியில் கண்ணாடிப் பிரிவை நிறுவி ஏறக்குறைய பத்தாண்டுகள் வழிநடத்தினார். புதிய தகடுகளைப் பட்டைகளாக வெட்டி அடுக்கி உருக்கினார். உருகிய தட்டை மறுபடி அறுத்து, திருப்பி அடுக்கி, மீண்டும் உருக்கினார். நிறங்கள் நெசவுபோல், பவளப்பாறைபோல் விரிந்தன. ஊதும் உலையே கதி என்றிருந்த காலத்தில், சூளையை முதன்மையாக வைத்துக் கற்பித்த அந்தப் பிரிவு உலகெங்குமிருந்து மாணவர்களை ஈர்த்தது.

சூளைக்குள் ஓர் இரவு

இப்போது முதலில் பார்த்த பதக்கத்திடம் வருவோம்.

தகட்டின் வழக்கமான தடிமன் 3 மி.மீ. வெட்டுக்கருவியின் சின்னச் சக்கரத்தை ஒரே சீராக ஓட்டினால் பட்டுத்துணியைக் கிழிப்பதுபோல் மெல்லிய ஓசை கேட்கும். வெட்டிய துண்டுகளைச் சூளையின் தட்டில் அடுக்குகிறோம். தட்டில் முன்பே வெள்ளைக் களிமண்ணும் அலுமினாவும் கரைத்த பூச்சுப் பூசியிருக்கும். இல்லையென்றால் தட்டும் பதக்கமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும்.

540 டிகிரிவரை அவசரப்படக் கூடாது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். வெளிப்புறம் விரிந்து உள்புறம் விரியாவிட்டால், கொதிக்கும் காப்பி ஊற்றிய சாதாரணக் கண்ணாடி டம்ளரின் கதிதான். அதைத் தாண்டிவிட்டால் பயமில்லை. கண்ணாடி இளகத் தொடங்கிவிடும்.

800 டிகிரியில் ஓர் அதிசயம் நடக்கிறது. கூரான விளிம்புகள் யாரும் தொடாமலே உருண்டு வழவழப்பாகின்றன. காரணம் பரப்பு இழுவிசை. மழைத்துளியை உருண்டையாக்கும் அதே விசை. உருகிய கண்ணாடியில் அது தண்ணீரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒருபக்கம் புவியீர்ப்பு கண்ணாடியைப் பரப்பப் பார்க்கிறது. மறுபக்கம் இந்த விசை அதைக் குவிக்கப் பார்க்கிறது. இரண்டும் சமமாகும் தடிமன் சுமார் 6 மி.மீ. ஒற்றைத் தகட்டை முழுவதும் உருக்கினால் ஓரங்கள் உள்ளே சுருங்கும். இரண்டு தகடுகள் என்றால் வடிவம் மாறாது. மூன்று என்றால் வெளியே பரவும். பதக்கத்தை எத்தனை அடுக்கில் வைப்பது என்பதற்கு இதுதான் விதி.

நடுவில் மின்னும் துண்டு தனிக் கதை. அதன் நிறம் சாயத்தால் வந்ததல்ல. காற்று நீக்கிய அறையில் டைட்டானியம், சிலிக்கான் போன்றவற்றின் ஆக்சைடுகளை ஆவியாக்கி, கண்ணாடியின் மேல் படலம் படலமாகப் படியவைக்கிறார்கள். ஒவ்வொரு படலமும் ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லியது. படலங்களிலிருந்து திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று சில நிறங்களில் வலுவாக்கும், சில நிறங்களில் அழிக்கும். ஒரு நிறம் திரும்பி வருகிறது, மிச்சம் ஊடுருவிப் போகிறது. பதக்கத்தைச் சாய்த்தால் நிறம் மாறும். சோப்புக் குமிழியிலும் மயில் பீலியிலும் நடப்பதும் இந்த ஒளி விளையாட்டுதான்.

உருகியாகிவிட்டது. இனிதான் பொறுமை. சூளை சுமார் 500 டிகிரிக்கு இறங்கியதும் அங்கேயே நிறுத்திவைக்கிறார்கள். வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே இருப்பது பிறகு சுருங்கினால் ஒரே நிறக் கண்ணாடிகூடத் தனக்குள் தானே பகைத்துக்கொள்ளும். முழுத் துண்டும் ஒரே வெப்பத்துக்கு வரவேண்டும். பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். தடிமன் இருமடங்கானால் ஆற்றும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பதக்கத்துக்கு ஓர் இரவு. கலிஃபோர்னியாவின் பாலமர் மலைத் தொலைநோக்கிக்காக 1934 டிசம்பரில் வார்த்த 5 மீட்டர் அகலக் கண்ணாடிக்கோ பத்து மாதம்! அவ்வளவு மெல்ல ஆற்றினார்கள்.

அரிக்கமேட்டு மணி

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே ஏராளமாகக் கிடைப்பவை, கடுகும் மிளகும் போன்ற வண்ணக் கண்ணாடி மணிகள். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. நறுக்கியதும் விளிம்பு கத்திபோல் இருக்கும். இதே முறையில் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலத்திலும் மணி செய்திருக்கிறார்கள். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்கினால், விளிம்புகள் தாமே உருண்டுவிடும். சாம்பல், மணிகள் ஒட்டாமல் காக்கும்.

பதக்கத்தின் விளிம்பை உருட்டிய அதே பரப்பு இழுவிசை. சூளைத் தட்டின் பூச்சு செய்யும் அதே வேலை சாம்பலுக்கு. தென்கிழக்கு ஆசியா வரை கடல் கடந்து போன இந்த வகை மணிகளை ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ், இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டு அழைத்தார். சமன்பாடு எதுவும் எழுதாமல், கைப்பழக்கத்தால் இந்த விதியை அறிந்திருந்தவர்கள் நம் கடற்கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள் என்பதை நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்னச் சோதனை

மோயே தன் எழுபதாவது வயதைத் தாண்டிய பின் செய்த போர்ட்லேண்ட் பேனல்கள் என்ற படைப்பு, நான்கு பெரிய கண்ணாடிப் பலகைகளால் ஆனது. கையால் வெட்டிய 22,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பட்டைகள் அதில் இணைந்திருக்கின்றன. 2016-ல் அவர் மறைந்தார். பதினைந்து, பதினாறு வயதில் குளிர்ந்த கண்ணாடியை வெட்டக் கற்ற கையால்தான் கடைசிவரை வேலை செய்தார். நெருப்பு அவருக்குப் பாதி வழியில் கிடைத்த துணை.

வீட்டில் போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி இருந்தால், புரூஸ்டரின் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். குளிர்கண்ணாடி ஒரு வடிகட்டி, மடிக்கணினித் திரை மற்றொன்று. மடிக்கணினியில் வெள்ளைத் திரையை வையுங்கள். குளிர்கண்ணாடியைக் கண் முன்னால் பிடித்து, திரை இருளும்வரை சுழற்றுங்கள். இப்போது திரைக்கும் குளிர்கண்ணாடிக்கும் நடுவே குழந்தைகளின் தெளிந்த பிளாஸ்டிக் ஸ்கேலைப் பிடியுங்கள். வானவில் நிறங்கள் தோன்றும். அவசரமாக ஆறியபோது அதற்குள் உறைந்துபோன இழுவைதான் அப்படித் தெரிகிறது.

அதே இடத்தில், பொறுமையாக ஆற்றிய தெளிந்த கண்ணாடிப் பதக்கம் ஒன்றைப் பிடித்தால் ஒன்றும் தோன்றாது. திரை இருட்டாகவே இருக்கும். அந்தப் பதக்கத்தை நம்பி அணியலாம்.